சிஸ்டம் படுத்தா யாருக்கு போன்? வளர்ற பிசினஸுக்கு ஏத்த ஐடி சப்போர்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சனிக்கிழமை சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். பில் போடுற சிஸ்டம் அப்படியே நின்னுபோச்சு. இந்த நேரத்தில் உங்க கடையிலிருந்து முதல் போன் யாருக்குப் போகும்?

பெரும்பாலான சின்ன பிசினஸ்களில் இதற்கு ரெண்டே பதில்தான். ஒண்ணு, "நம்ம தெரிஞ்ச அண்ணன்". இன்னொண்ணு, நீங்க! "நீதான் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிச்சியே, வந்து என்னன்னு பாரு" என்று அப்பாவோ சித்தப்பாவோ கூப்பிட, வேலையை விட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள். சம்பளம் இல்லாத ஐடி சப்போர்ட்!

ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் வரை இந்த ஏற்பாடு ஓடும். ஆனால், கடை வளரும்போது? திருச்சி எடமலைப்பட்டி புதூரையே எடுத்துக்கோங்க. மதுரை ரோட்டில் புதூரைத் தாண்டினால் பஞ்சப்பூர். அங்கே 2025 மே 9-ம் தேதி ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டு, ஜூலை 16 முதல் பஸ்கள் ஓடுகின்றன. டைடல் பார்க்கும் அங்கேதான் வரப்போகிறது. "பஞ்சப்பூர்ல இன்னொரு கிளை போடலாமா?" என்று இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் யோசித்தால் ஆச்சர்யமில்லை. கிளை என்றால் வாடகை, அட்வான்ஸ், ஆள், சரக்கு என்று பக்காவாகக் கணக்குப் போடுவோம். "கம்ப்யூட்டரை யார் பார்த்துப்பாங்க?" என்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது. அதை இப்போ போட்டுப் பார்த்துவிடலாம்.

முதல்ல, உங்ககிட்ட என்னென்ன இருக்கு?

புதூரில் ஒரு எலெக்ட்ரிக்கல், பிளம்பிங் சாமான் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். இப்போ மெயின் கடையில் நாலு சிஸ்டம், குடோனில் ரெண்டு, பஞ்சப்பூர் கிளையில் மூணு, கணக்கு பார்ப்பவருக்கு ஒரு லேப்டாப். மொத்தம் பத்து.

ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டியது பத்து சிஸ்டம் மட்டும் இல்லை. டேலி டேட்டா, ஜிஎஸ்டி லாகின், இ-வே பில் லாகின், வாட்ஸ்அப் பிசினஸ் நம்பர், கூகுள் மேப்பில் கடையின் பக்கம், வெப்சைட் பெயர், ரவுட்டர், சிசிடிவி ரெக்கார்டர், யுபிஎஸ்... பட்டியல் நீண்டுகொண்டே போகும். இதில் பாதி கண்ணுக்குத் தெரியாதவை. சர்வீஸுக்கு வருபவர் கண்ணுக்குத் தெரிகிற பெட்டியைத்தான் துடைத்துவிட்டுப் போவார். கடை நிற்பதோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவற்றால்.

உதாரணத்துக்கு ஒண்ணு. 2025 ஏப்ரல் 1 முதல், இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்வேர்டு போட்டால் மட்டும் போதாது, ஓடிபியும் வேண்டும். அந்த ஓடிபி யாரோட போனுக்குப் போகிறது? வேலையை விட்டு நின்ற பழைய அக்கவுன்டன்ட் நம்பருக்கு என்றால், லோடு ஏற்றிய வண்டி குடோன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். எந்தச் சர்வீஸ் அண்ணன் வந்தாலும் ஸ்க்ரூ டிரைவரால் இதைச் சரி செய்ய முடியாது.

ஒரு மணி நேரம் நின்னா எவ்வளவு போகும்?

ஐடி சப்போர்ட் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு ஆகும்?" அதற்கு முன்னாடி கேட்க வேண்டியது வேற ரெண்டு கேள்விகள்.

முதல் கேள்வி: எவ்வளவு நேரம் நின்றால் தாங்குவோம்?

நம்ம கற்பனைக் கடைக்கு ஒரு நாள் விற்பனை ஒன்றரை லட்சம் ரூபாய், அதில் லாபம் 12 சதவிகிதம் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 18,000 ரூபாய். பத்து மணி நேரம் கடை திறந்திருந்தால், மணிக்கு 1,800. வேலை செய்யும் பத்து பேருக்கு மணிக்கு 70 ரூபாய் வீதம் கூலி 700. ஆக, முழுசாக நின்றுபோன ஒரு மணி நேரத்தின் விலை 2,500 ரூபாய். "அண்ணன் லால்குடி போயிருக்காராம், சாயங்காலம்தான் வருவாராம்" என்று ஆறு மணி நேரம் காத்திருந்தால், 15,000 ரூபாய் காலி.

"பில் புக்ல கையால எழுதி ஓட்டிடுவோம்" என்பீர்கள். நல்ல ஏற்பாடுதான், நஷ்டம் குறையும். ஆனால், அந்த பில்லையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏற்ற வேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு டேட்டா போனால் தாங்குவோம்?

ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடைசியாக பேக்கப் எடுத்தது மூணு வாரத்துக்கு முன்னாடி. மூணு வாரத்துப் பில்களை மறுபடி டைப் அடிக்க முடியுமா? யார் எவ்வளவு பாக்கி என்பது ஞாபகம் இருக்குமா? கடன் வாங்கினவருக்கு ஞாபகம் இருக்காது, அது மட்டும் நிச்சயம். ஜிஎஸ்டி சட்டப்படி, வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கு விவரங்களை வைத்திருக்க வேண்டும். "சிஸ்டம் போச்சு சார்" என்பது அங்கே பதில் ஆகாது.

இந்த ரெண்டு கேள்விக்கும் ஒரு நம்பர் எழுதி வையுங்கள். "நாலு மணி நேரம் வரை தாங்குவோம், ஒரு நாள் டேட்டா போனா பரவாயில்லை" என்று. இனி எந்த மாடலைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்த ரெண்டு நம்பர்தான் முடிவு செய்யும்.

நாலு வழி இருக்கு

1. கூப்பிட்டா வர்ற அண்ணன்

ரிப்பேர் ஆனால் கூப்பிடுவோம், வருவார், சரி செய்வார், காசு வாங்குவார். ஒப்பந்தம் கிடையாது, மாசச் செலவும் கிடையாது. நாலஞ்சு சிஸ்டம் வரை இது போதும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரிப்பேர் ஆனால்தான் அவருக்கு வருமானம். ரிப்பேரே ஆகாமல் பார்த்துக்கொள்ள அவருக்கு யாரும் காசு தருவதில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இந்த ஏற்பாடே அப்படி. பேக்கப் ஓடுகிறதா, ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. கடையில் இன்னும் எத்தனை சிஸ்டம் அதில் ஓடுகிறது? கூப்பிட்டால் மட்டும் வருகிற ஏற்பாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை.

2. ஏஎம்சி

வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. எத்தனை முறை கூப்பிட்டாலும் வருவார்கள். இதில் ரெண்டு வகை உண்டு. பார்ட்ஸும் சேர்த்துப் பார்ப்பது காம்ப்ரிஹென்ஸிவ், உழைப்பு மட்டும் என்றால் நான்-காம்ப்ரிஹென்ஸிவ். காம்ப்ரிஹென்ஸிவ் என்றாலும் டோனர், பேட்டரி மாதிரித் தேய்ந்துபோகும் பொருட்களைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். கையெழுத்துக்கு முன்னாடி அந்தப் பட்டியலைப் படிங்க.

ஏஎம்சி-யில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் பெட்டிக்கான ஒப்பந்தம், டேட்டாவுக்கான ஒப்பந்தம் இல்லை. ஹார்ட் டிஸ்க் போனால் புது ஹார்ட் டிஸ்க் கிடைக்கும். அதில் இருந்த டேலி டேட்டா? "அது எங்க பொறுப்பு இல்லைங்க" என்ற வரி எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கும்.

3. மாசச் சந்தா

மேனேஜ்டு சர்வீஸ் என்பார்கள். ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டுவிடுவார்கள். ஹார்ட் டிஸ்க் தேய்கிறதா, அப்டேட் ஏறியதா, ராத்திரி பேக்கப் முடிந்ததா என்பதை அவர்கள் இடத்திலிருந்தே பார்ப்பார்கள். சிஸ்டத்துக்கு இவ்வளவு, மாசத்துக்கு இவ்வளவு என்று கட்டணம்.

இங்கே கணக்கு தலைகீழ். உங்கள் கடையில் பிரச்னை குறைந்தால் அவர்களுக்கு வேலை குறையும், காசு அதேதான். அதனால், பிரச்னை வராமல் பார்த்துக்கொள்வதில் அவர்களுக்கும் லாபம். கிளை, குடோன் என்று ரெண்டு மூணு இடத்தில் ஓடும் பிசினஸுக்கு இது பொருத்தம். குறை என்ன? உங்க எல்லா சிஸ்டத்தின் சாவியும் ஒரே கம்பெனியிடம் போகிறது. அதன் விளைவைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

4. சொந்த ஆள்

சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வது. கூப்பிட்ட குரலுக்கு வருவார், கடையின் நெளிவு சுளிவெல்லாம் தெரியும். திருச்சியில் காலேஜுக்கும் பாலிடெக்னிக்குக்கும் பஞ்சமில்லை, ஆளும் கிடைப்பார்கள். ஆனால், வேலை கற்றுக்கொண்டவர் நவல்பட்டு எல்காட் ஐடி பார்க்கில் இருக்கும் கம்பெனிக்கோ, சென்னைக்கோ, சிங்கப்பூருக்கோ போகலாம். போக வேண்டியதும் நியாயம்தான். அவர் போகும் நாளில் பாஸ்வேர்டும், கேபிள் எங்கே போகிறது என்ற விவரமும் அவர் தலைக்குள்ளேயே போய்விட்டால்தான் சிக்கல். இன்னொன்று, அவருக்கும் காய்ச்சல் வரும், அவர் வீட்டிலும் கல்யாணம் வரும். ஒரே ஆளை நம்பினால் அந்த நாளில் யார்?

நடைமுறையில் வளர்கிற பிசினஸ்களுக்கு ஒத்துவருவது இவற்றின் கலவைதான். தினசரி பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு ஆள், பேக்கப், பாதுகாப்பு, பெரிய ரிப்பேருக்கு வெளியே ஒரு கம்பெனி.

சரி, எத்தனை சிஸ்டத்துக்கு எது? தோராயமான ஒரு அளவுகோல் இது: அஞ்சு வரை அண்ணன் போதும், பேக்கப் மட்டும் உங்கள் பொறுப்பு. அஞ்சிலிருந்து பதினைந்து வரை, டேட்டாவையும் சேர்த்து எழுதிய ஏஎம்சி. அதற்கு மேல் அல்லது ரெண்டாவது கிளை வந்தாலே, மாசச் சந்தா. நாற்பதைத் தாண்டினால் சொந்த ஆளும் வெளிக் கம்பெனியும். இது சட்டம் இல்லை. மூணே சிஸ்டம் வைத்திருக்கும் ரத்தப் பரிசோதனை லேப், பதினைந்து சிஸ்டம் வைத்திருக்கும் டியூஷன் சென்டரைவிட அவசரமானது. அதனால்தான் முதலில் அந்த ரெண்டு நம்பரை எழுதச் சொன்னோம்.

"எல்லாம் அவங்க பார்த்துப்பாங்க"... பார்த்துப்பாங்களா?

2024 ஜூலை கடைசியில் நடந்தது இது. சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்பது எஸ்பிஐ, டிசிஎஸ் இரண்டும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். நாட்டின் சின்னச் சின்ன கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தருகிறது. அதன் சிஸ்டத்தில் ரான்சம்வேர் தாக்குதல். அதாவது, ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்பது. மற்ற வங்கிகளுக்குப் பரவாமல் இருக்க, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ, சி-எட்ஜை சில்லறைப் பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகப் பிரித்து வைத்தது. சுமார் 300 சின்ன வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்த வங்கிகள் எதிலும் யாரும் தப்பான லிங்க்கை அழுத்தியதால் இது நடக்கவில்லை. அவர்களுக்கு வேலை செய்து தந்த இடத்தில் பிரச்னை.

இன்னொரு சம்பவம், 2021 ஜூலை 2. சப்போர்ட் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களின் சிஸ்டங்களைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளப் பயன்படுத்தும் கசேயா என்ற சாஃப்ட்வேர் வழியாக ரான்சம்வேர் பரவியது. ஸ்வீடனில் கூப் என்ற சூப்பர் மார்க்கெட் தன் சுமார் 800 கடைகளை மூட வேண்டியதாயிற்று. கூப் அந்த சாஃப்ட்வேரை வாங்கவே இல்லை. அவர்களுடைய பில்லிங் மெஷின்களைப் பார்த்துக்கொண்ட சப்ளையர் வழியாக வந்த வினை அது.

இதனால் வெளி ஆட்களிடம் வேலையைக் கொடுக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. புதூரில் இருக்கும் ஒரு கடையைவிட, நல்ல சப்போர்ட் கம்பெனி பாதுகாப்பை நன்றாகவே பார்க்கும். வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பை வெளியே கொடுக்க முடியாது. அவ்வளவுதான்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் விவரங்களை வேறொரு கம்பெனி உங்களுக்காகக் கையாண்டாலும், பொறுப்பு உங்களுடையது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. சின்னக் கடைக்கு 250 கோடி அபராதம் போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால், "சர்வீஸ் பண்றவர்தாங்க பார்த்துக்கிட்டார்" என்ற பதில் செல்லாது என்பது தெரிந்திருக்கட்டும்.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ம் தேதி வெளியிட்ட உத்தரவு இன்னொன்று. ரான்சம்வேர் போன்ற சைபர் தாக்குதல் நடந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. அந்த ஆறு மணி நேரத்தில் யார் தகவல் சொல்வது, நீங்களா, சப்போர்ட் கம்பெனியா? ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். பணம் திருட்டுப் போனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும் என்பதை கல்லாவில் உட்காருபவருக்கும் சொல்லி வையுங்கள்.

தூரமும் முக்கியம்

"எல்லாம் ரிமோட்லயே பண்ணிடுவோம் சார்" என்பார்கள். எனிடெஸ்க், ஜோஹோ அசிஸ்ட் மாதிரி வழிகளில் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும், உண்மைதான். மீதிப் பாதி?

2024 ஜூலை 19-ம் தேதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் தப்பான ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டங்கள் நீலத் திரையோடு படுத்தன. நம்ம ஊர் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அப்டேட்டை அனுப்பிய கம்பெனி தப்பைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. ஆனால், படுத்த சிஸ்டங்கள் ஆன் ஆகாததால் ரிமோட்டில் தொட முடியவில்லை. பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக ஒரு ஆள் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

உங்க கடையிலும் அப்படித்தான். இன்டர்நெட் போனால், ஸ்விட்ச் எரிந்தால், எலி கேபிளைக் கடித்தால், ரிமோட் என்பதே கிடையாது. சப்போர்ட் கம்பெனியின் ஆபீஸ் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பது தப்பில்லை. "திருச்சியில நேர்ல வர உங்க ஆள் யாரு, எவ்வளவு நேரத்துல வருவார்?" என்று மட்டும் கேளுங்கள். "ஏற்பாடு பண்ணிடலாம் சார்" என்று பதில் வந்தால், இன்னும் ஏற்பாடு இல்லை என்று அர்த்தம்.

பேப்பரில் என்னென்ன இருக்கணும்?

வாய்ப் பேச்சு வேண்டாம். ரெண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டாலே போதும். அதில் இவை கட்டாயம் இருக்கட்டும்.

* எத்தனை மணிக்குள் பதில், எத்தனை மணிக்குள் தீர்வு: ரெண்டும் வேற வேற. "ஒரு மணி நேரத்துல ரெஸ்பான்ஸ்" என்றால் போனை எடுப்பார்கள் என்று மட்டுமே அர்த்தம். பில்லிங் நின்றால் எத்தனை மணிக்குள் திரும்ப ஓடும்?

* எந்த நாட்கள்: உங்களுக்கு ஞாயிறும் தீபாவளிக்கு முந்தின வாரமும்தான் உச்சகட்ட வியாபாரம். அவர்களின் வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி, காலை 10 முதல் மாலை 6 என்றால்?

* "99 சதவிகிதம் ஓடும்" என்ற வாக்குறுதி: கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால், மீதி 1 சதவிகிதம் என்பது வருஷத்துக்கு 87 மணி நேரத்துக்கும் மேல். 99.9 சதவிகிதம் என்றால்தான் அது ஒன்பது மணி நேரத்துக்குள் வரும்.

* மாற்று சிஸ்டம்: ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு போனால், அதுவரை ஓட்ட ஒன்று தருவார்களா?

* பேக்கப் சோதனை: பேக்கப் எடுப்பது மட்டுமல்ல, மூணு மாசத்துக்கு ஒருமுறை அதை வேறு சிஸ்டத்தில் திறந்து காட்ட வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

* பிரியும்போது: ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் எல்லா பாஸ்வேர்டுகளையும், டேட்டாவையும் ஒப்படைப்பார்கள்? தாங்கள் போட்ட ரிமோட் சாஃப்ட்வேரை எடுத்துவிடுவார்களா? நல்ல உறவில் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டிய வரி இது.

சாவிக்கொத்து யார்கிட்ட?

எந்த மாடலைத் தேர்ந்தெடுத்தாலும் மாறாத ஒரு விதி உண்டு. கடை ஷட்டர் சாவி முதலாளியிடம் ஒன்று இருக்கும் இல்லையா? அதே மாதிரி இவையும்.

வெப்சைட் பெயர் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் பதிவாகியிருக்க வேண்டும். டிசைன் செய்தவர் தன் பெயரில் பதிந்திருந்தால், சட்டப்படி அந்தப் பெயரை மீட்பது பெரிய அலைச்சல். கூகுள் மேப் பக்கத்தின் ஓனர் நீங்கள், சர்வீஸ் பண்றவர் மேனேஜர் மட்டுமே. ரவுட்டர், சிசிடிவி அட்மின் பாஸ்வேர்டு, டேலி லைசென்ஸ் எந்த இமெயிலில் இருக்கிறது என்ற விவரம், ஓடிபி வரும் நம்பர்... எல்லாம் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் இருக்கட்டும். சப்போர்ட் ஆளுக்கு அவர் வேலைக்குத் தனி லாகின் உருவாக்கிக் கொடுங்கள். அவர் விலகும் அன்று அந்த ஒன்றை மட்டும் மூடினால் போதும்.

பேக்கப்புக்கு 3-2-1 என்றொரு பழைய வழி. மொத்தம் 3 பிரதி, 2 விதமான இடத்தில், அதில் 1 கடைக்கு வெளியே. நம்ம கற்பனைக் கடைக்கு: கடை சிஸ்டத்தில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைக்காதீர்கள். ரான்சம்வேர் வந்தால் சொருகியிருப்பதையும் சேர்த்தே பூட்டும். "கூகுள் டிரைவ்ல தானா ஏறிடுதே" என்பவர்களுக்கு: பூட்டப்பட்ட ஃபைலும் தானாகவே ஏறிவிடும். பழைய பிரதிகளைத் தேதிவாரியாக வைத்திருக்கும் பேக்கப்தான் காப்பாற்றும். கடை ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்து, கணக்குகள் கம்ப்யூட்டரில் இருந்தால், இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினசரி பேக்கப் வைக்க வேண்டும் என்பது கம்பெனி விதியே.

ஒரு மாசத்துல முடிக்கலாம்

முதல் வாரம்: நோட்டை எடுத்துக்கொண்டு கடை, குடோன், கிளை எல்லாம் சுற்றுங்கள். என்ன சிஸ்டம், எந்த வருஷம், எந்த விண்டோஸ், யாரிடம் பாஸ்வேர்டு? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இரண்டாவது வாரம்: கடைசி பேக்கப்பை எடுத்து உங்க லேப்டாப்பில் திறந்து பாருங்கள். திறக்கவில்லையா? மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள்.

மூணாவது வாரம்: மூணு பேரிடம் விலை கேளுங்கள். மூணு பேருக்கும் ஒரே பட்டியலைக் கொடுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும், உங்க அளவிலான ரெண்டு வாடிக்கையாளர்களிடம் பேசுங்கள். "பிரச்னை வந்த அன்னிக்கு எவ்வளவு நேரத்துல வந்தாங்க?" என்ற ஒரே கேள்வி போதும்.

நாலாவது வாரம்: கையெழுத்துப் போடுங்கள். வருஷத்துக்கு வேண்டாம், முதலில் மூணு மாசத்துக்கு. பழைய பாஸ்வேர்டுகளையெல்லாம் அன்றே மாற்றிவிடுங்கள்.

இத்தனை வருஷமாக வந்து போன அந்த அண்ணனை என்ன செய்வது? அவரை ஒதுக்க வேண்டியதில்லை. உங்க கடையின் ஒவ்வொரு கேபிளும் அவருக்குத் தெரியும். மாசத்துக்கு ஒரு தொகை பேசி, மேலே சொன்னதை எழுதிக்கொள்ள அவர் தயாரா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். "எழுதிக்கலாம் தம்பி, எனக்கும் அது நல்லதுதான்" என்று சொன்னால், உங்களுக்கான சப்போர்ட் பத்து நிமிஷ தூரத்திலேயே இருக்கிறது. "எழுத்தெல்லாம் எதுக்கு, நான் இருக்கேன்ல" என்றால், அவர் நல்ல மனுஷர்தான். ஆனால், பத்து சிஸ்டத்தை நம்பி ஓடும் பத்துப் பேரின் சம்பளத்துக்கு அந்த வார்த்தை மட்டும் போதாது.

அப்பாவிடம் இதைப் பேச ஆரம்பிக்கும்போது "மேனேஜ்டு சர்வீஸ்" என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரக் கணக்கைக் காட்டுங்கள். கடைக்காரருக்கு அந்த மொழி உடனே புரியும்.